பகல் வாடகை

பெரியவள் தங்கை வீட்டுக்கு வரும்போது கதவைத் தட்டுவதில்லை. அவளிடம் ஒரு சாவி இருந்தது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் தங்கை மகள் குடல்வால் வெடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வீட்டிலிருந்து மாற்றுத்துணி எடுத்து வரவென்று வாங்கிய சாவி. அன்றைக்கே அறுபதாயிரத்தை எண்ணி ஆஸ்பத்திரியில் கட்டியவளும் அவள்தான். பெண் பிழைத்து வீட்டுக்கு வந்தாள். சாவி வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். சின்னவள் தலைக்குக் குளித்து, ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நிற்கையில் பூட்டு கடகடத்தது. கட்டிலில் குப்புறப் படுத்துப் படித்துக்கொண்டிருந்த மகள் எழுந்து உட்கார்ந்து அவசரமாகப் போர்வையை மடித்தாள். அந்தச் சத்தம் கேட்டால் அம்மாவுக்கும் மகளுக்கும் முதுகு தானாக நிமிர்ந்துவிடும்.

பெரியவள் குடையை மூலையில் சாய்த்தாள். மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்தாள். நேரே அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களின் மூடியை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள்.

"இது என்ன, நாலு முட்டை? ரெண்டு பேர்தானே இருக்கீங்க?"

"ரெண்டுல கீறல் விழுந்திருந்துச்சுக்கா. கடைக்காரர் பாதி விலைக்குக் குடுத்தாரு."

"பாதி விலையும் விலைதான். சரி, இவ ஏன் இன்னும் கட்டில்ல இருக்கா? மணி பத்தாச்சு."

"படிக்கறேன் பெரியம்மா."

"படுத்துக்கிட்டா படிப்பாங்க? உங்க அம்மாவும் இப்படித்தான் படுத்துக்கிட்டே படிச்சா. இப்ப எங்க போய் நிக்கறா பாரு."

சின்னவள் நிற்கிற இடம் அவளுக்குத் தெரியாதா என்ன? ஊரிலுள்ள மூன்று ஆஸ்பத்திரிகளும் நாலைந்து தங்கும் விடுதிகளும் அழுக்காக்கி அனுப்பும் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்துத் திருப்பி அனுப்பும் சலவைக்கூடத்தில், உருளை இயந்திரத்தின் முன்னால் நிற்கிறாள். காலை ஆறரையிலிருந்து மாலை மூன்றரை வரை, பதினோரு வருஷமாக. அவள் புருஷன் அவள் பெயரில் கடன் வாங்கிச் சரக்கு வண்டி எடுத்தான். வண்டி போயிற்று, வண்டியோடு அவனும் போனான், வேறு ஊரில் வேறு குடும்பம் என்று கேள்வி. தவணை மட்டும் எங்கேயும் போகாமல் வீட்டிலேயே தங்கிவிட்டது. அதில் இன்னும் நாற்பதாயிரம் நின்றது. மாசாமாசம் வட்டியைக் கட்டுவதற்கே சம்பளம் இழுத்துக்கோ பறித்துக்கோ என்றிருந்தது.

பெரியவள் வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"நான் ஒரு முடிவு பண்ணியிருக்கேன். கடையில இருந்த பொண்ணு நின்னுட்டா. பொத்தான் டப்பாவையெல்லாம் என்னால ஏறி இறக்க முடியல, முழங்கால் கெஞ்சுது. உங்க மாமாவைக் கல்லாவுல உக்கார வெச்சா தூங்கிடறாரு. பசங்க ரெண்டு பேரும் கடல் தாண்டிப் போயாச்சு, மாடி ரூம் சும்மா கிடக்கு. அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி இவளைக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

"கூட்டிக்கிட்டுன்னா?"

"கூட்டிக்கிட்டுன்னா கூட்டிக்கிட்டுதான். எங்கூட இருப்பா, கடையைப் பாத்துப்பா. பதினோராவது வரைக்கும் வந்ததே பெருசு. கணக்கு நல்லா வருதுல்ல, கடைக்கு அது போதும்."

"அக்கா, அவ பள்ளிக்கூடம்..."

"நான் பேசி முடிச்சுடறேன். அந்த அறுபதாயிரத்தை நான் மறந்துடறேன், நீயும் மறந்துடு. அத்தோட தீர்ந்துச்சு. இந்தக் காலத்துல எவ குடுப்பா இப்படி?"

பதில் வருமென்று அவள் எதிர்பார்க்கவே இல்லை. குடையை எடுத்தாள், மின்விசிறியை முழுசாக நிறுத்தினாள், கதவைச் சாத்திக்கொண்டு போனாள். சின்னவள் அப்படியே நின்றாள். தலைத் துண்டிலிருந்து தண்ணீர் கழுத்தில் வழிந்து முதுகில் இறங்கியது.

மகள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "நான் போறேம்மா."

"என்னது?"

"ஒரு மூணு வருஷம் போய் இருக்கேன். மாடி ரூம்ல ஜன்னல் பெருசு. உனக்கும் ஒரு கடன் முடியும்."

"ஜன்னலுக்காகப் போறியா, கடனுக்காகப் போறியா?"

பெண் காலால் தரையைக் கீறினாள்.

"கேளுடி. உங்கப்பன் வண்டியை அடகு வெச்சான். என் தோட்டை அடகு வெச்சான். வெக்காம விட்டது உன்னை ஒருத்தியைத்தான். அதை நான் செய்யணுமா? போய் ஃபேனைப் போடு. முழுசாப் போடு."

சொல்லிவிட்டாளே ஒழிய, சொன்னதற்குப் பின்னால் வைக்க அவளிடம் எதுவும் இல்லை. ஒண்ணாம் தேதிக்கு முப்பத்தோரு நாள் இருந்தது.

சலவைக்கூடத்தில் மழைக்காலம், கோடைக்காலம் என்றெல்லாம் கிடையாது, எப்போதும் ஆவிக்காலம்தான். வெளியே மழை கொட்டினாலும் உள்ளே கொதிகலன் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும், ஆட்கள் வெள்ளைப் புகைக்குள் இடுப்பு வரைக்கும்தான் தெரிவார்கள். ஈர விரிப்பை ஒரு பக்கம் இருவர் உருளைகளுக்கு இடையே செலுத்த, அது மறுபக்கம் மொறமொறவென்று சூடாக வெளியே வரும். மறுபக்கத்தில் சின்னவளும் நெட்டையும் நிற்பார்கள். நெட்டை ஆறடிக்கு அரை அங்குலம் குறைச்சல். அந்த அரை அங்குலத்தைத் தான்தான் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்ததாகச் சொல்லிக்கொள்வாள். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, இழுத்து, ஒரு உதறு உதறி, நெருங்கி வந்து முனைகளைச் சேர்த்து, விலகிப்போய் மறுபடி இழுத்து மடிக்க வேண்டும். கடலையே பார்த்திராத இரண்டு பெண்கள் நாள் முழுதும் கப்பல் பாயை இறக்கிக்கொண்டே இருப்பது போலிருக்கும் அது. அவர்களுடைய பேச்சும் அந்தத் தாளத்தில்தான் நடக்கும். நெருங்கும்போது ஒருத்தி பேசுவாள், விலகிப்போய்த் திரும்பி வரும்போது மற்றவளின் பதில் வரும்.

"அறுபதாயிரத்தை முதல்ல கட்டப் போறேன்," என்றாள் சின்னவள்.

விலகிப் போனார்கள். உதறினார்கள். நெருங்கினார்கள்.

"எதுல இருந்து?" என்றாள் நெட்டை.

"அதுதான் தெரியல."

"தெரிஞ்சதும் கட்டு. ஆனா முதல்ல தவணைக்காரனுக்குக் கட்டு. அவன்தானே வட்டி வாங்கறான்? உங்க அக்கா வட்டியே வாங்கலயே."

"வாங்கலன்னு யார் சொன்னா? வாரம் தவறாம வீட்டுக்கு வந்து வாங்கறா. தவணைக்காரன் மாசத்துல ஒரு நாள் வர்றான். வாசல்லயே நிக்கறான். காசை வாங்கறான், ரசீது குடுக்கறான், போயிடறான். நாலு முட்டை எதுக்குன்னு கேக்கறானா? ஃபேனை நிறுத்தறானா? என் பொண்ணு உக்காந்து படிக்கணுமா படுத்துப் படிக்கணுமான்னு அவன் எப்பவாவது வாயைத் திறந்திருக்கானா?"

"கணக்குப்படி தப்புடி. நாற்பதாயிரம் குட்டி போடும். அறுபதாயிரம் சும்மா படுத்திருக்கும்."

"நெட்டை, ரத்தக்கறைத் துணி வண்டியில வந்தா நீ என்ன பண்ணுவ?"

"பச்சைத் தண்ணியில போடுவேன். இதெல்லாம் ஒரு கேள்வியா?"

"மலை மாதிரி மத்த துணி குமிஞ்சு கிடக்கும்போது அந்த நாலு துணியை ஏன் முதல்ல எடுக்கற?"

"காய்ஞ்சு போச்சுன்னா அப்புறம் போகாதுடி."

"அதைத்தான் சொல்றேன்."

அது அந்தக் கூடத்தில் யாருக்கும் விளக்க வேண்டாத விஷயம். சின்னவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கறை சீக்கிரம் போகட்டுமென்ற நல்லெண்ணத்தில், பிரசவ வார்டு விரிப்பு முப்பதைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட்டாள். கறை வெந்து நூலுக்குள் இறங்கிவிட்டது. பிறகு எதைப் போட்டு அலசியும் அசையவில்லை. மூன்று மாசம் சம்பளத்தில் பிடித்தார்கள். எது பெரிசு என்று பார்க்காதே, எது ஊறி இறங்குகிறது என்று பார் என்பதை அவள் அந்த முப்பது விரிப்பில் படித்துக்கொண்டாள்.

மத்தியானம் ரொட்டியும் உருளைக்கிழங்கும் தின்னும்போது நெட்டை வேறு கதைக்குப் போய்விட்டாள். அவள் குடியிருக்கும் பெண்கள் விடுதியில் ஒரு நர்ஸ் இருக்கிறாளாம். ராத்திரி டியூட்டி மட்டும்தான் பார்ப்பாளாம்.

"பகல்லதானே தூங்கணும்? பக்கத்துல தகரப் பட்டறை. காலையில எட்டு மணிக்குச் சுத்தியலை எடுத்தான்னா சாயங்காலம்தான் கீழ வெப்பான். நேத்து அவ ஜன்னல் வழியாத் தண்ணியைக் கொட்டியிருக்கா. அவன் நனைஞ்சுக்கிட்டே தட்டறான். இப்படியே போனா நோயாளிக்குப் போடற ஊசியை எனக்கே போட்டுக்கப் போறேன்னு அழறா."

சின்னவளின் கையில் இருந்த ரொட்டித் துண்டு வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"பகல்ல தூங்க ஒரு இடம் கிடைச்சா அவ எவ்வளவு குடுப்பா?"

"எந்த இடம்?"

"என் கட்டில். காலையில எட்டரையில இருந்து சாயங்காலம் நாலு வரைக்கும் அந்த வீட்டுல ஈ காக்கா கிடையாது. நான் இங்க, பொண்ணு பள்ளிக்கூடத்துல. முழு நாளுக்கு வாடகை குடுத்துட்டு அரை நாள்தானேடி நாங்க அங்க இருக்கோம்?"

நெட்டை அவளை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். "பதினோரு வருஷமா ஆவியில வெந்து மூளை பதமாயிடுச்சு உனக்கு," என்றாள்.

நர்ஸ் மறுநாள் மாலை வந்தாள். குள்ளமாக, கட்டுக்குட்டென்று இருந்தாள், கண்ணுக்குக் கீழே கறுப்பு. வணக்கம் சொல்வதற்கு முன்னால் சுவரைத் தட்டிப் பார்த்தாள்.

"அந்தப் பக்கம் யாரு?"

"வயசான தம்பதி. ரெண்டு பேருக்கும் காது மந்தம்."

"டிவி சத்தமா வெப்பாங்களா?"

"டிவி பழுதாகி ரெண்டு வருஷமாச்சு. பேச்சுவார்த்தையும் கிடையாது."

"நல்ல குடும்பம்," என்றாள் நர்ஸ். "ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போடணும். கட்டில் சத்தம் போடுமா?"

"படுத்துப் பாருங்க."

படுத்தாள். இடதுபுறம் ஒருமுறை புரண்டாள், வலதுபுறம் ஒருமுறை புரண்டாள். அப்புறம் புரளவே இல்லை. அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அம்மா, தூங்கிட்டாங்க."

"ஷ்ஷ். இடத்தைப் பாக்கறாங்கடி."

அரை மணி நேரம் இருவரும் தங்கள் வீட்டிலேயே திருடர்கள்போல் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார்கள். அரிசியை ஓசை வராமல் களைந்தார்கள். நர்ஸ் கண் விழித்தபோது முகத்தில் பத்து வயசு குறைந்திருந்தது. "எவ்வளவு?" என்று கேட்டாள். மாசம் இரண்டாயிரத்து ஐநூறு என்று பேசி, ஒரு மாசத்தை அங்கேயே முன்பணமாக எண்ணி வைத்தாள். ஒரே ஒரு நிபந்தனை: அவளுக்கு விடுமுறையான ஞாயிறு தவிர, எட்டரையிலிருந்து நாலு வரைக்கும் அந்த வீட்டுக்குள் யாரும், யாருமே வரக்கூடாது.

"நானே வர மாட்டேன்," என்றாள் சின்னவள்.

வீட்டுக்காரரிடம் சொல்லப் போனபோது அவர் யோசிக்கவே இல்லை. "ராத்திரி மூணாவது ஆள் படுத்தா வாடகையை ஏத்துவேன். பகல்ல யாரு தூங்கினா எனக்கென்ன? நானே பகல்ல தூங்கறவன்தான்."

அன்று சாயங்காலம் மகள் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். நர்ஸ் தருவது ஒரு பக்கம். சலவைக்கூடத்தில் யாரும் வர விரும்பாத ஞாயிறு வேலைக்கு நாலு வாரமும் போனால் கையோடு வரும் ஆயிரத்து ஐநூறு இன்னொரு பக்கம். ஆக மாசம் நாலாயிரம். தவணைக்காரனுக்கு வட்டி எப்போதும்போல் சம்பளத்திலிருந்தே போகட்டும்.

"பதினஞ்சு மாசத்துல பெரியம்மா கடன் முடியும். அதுக்கப்புறம் பத்து மாசத்துல தவணைக்காரன். மொத்தம் இருபத்தஞ்சு. அப்ப நான் பன்னிரண்டாவது முடிச்சிருப்பேன்." பென்சிலைக் கடித்தாள். "ஒண்ணாம் தேதி நான் வரலைன்னு பெரியம்மாகிட்ட யாரும்மா சொல்றது?"

"நான்தான்."

"எப்போ?"

"முதல் நாலாயிரம் கைக்கு வரட்டும். வெறுங்கையோட போய்ச் சொன்னா அவ என்னைப் பேச விட மாட்டா. எனக்கும் பேச்சு வராது."

நல்ல யோசனைதான். அதில் ஒரு ஓட்டை இருந்தது. அக்காவின் கையில் இருக்கும் சாவியை அவள் யோசிக்காமல் இல்லை. ஆனால் அக்கா வருவது எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான். வாரநாளில் கடையை விட்டு அசைய மாட்டாள். அதனால் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டாள். நாலு ஞாயிறு பெரியவள் வந்தபோதும் சின்னவள் சலவைக்கூடத்தில் இருந்தாள். ஜன்னலில் தொங்கிய கறுப்புத் துணி எதற்கென்று கேட்டதற்கு மகள் வெயில் என்றிருக்கிறாள். அன்றைக்கு மழை பெய்துகொண்டிருந்ததாம்.

ஒண்ணாம் தேதிக்கு இரண்டு நாள் முன்னால், பதினோரு மணி வாக்கில், சூப்பர்வைசர் ஆவிக்குள்ளிருந்து கத்தினார்.

"உனக்கு போன். உங்க அக்கா. வீட்டுல திருடி படுத்திருக்காளாம்."

"திருடி என்னது?"

"படுத்திருக்காளாம். அப்படித்தான் சொல்றாங்க. போ, அரை நாள் கழிச்சுக்கறேன்."

நெட்டை விரிப்பின் தன் முனையை விடாமல் பிடித்துக்கொண்டு, "விடாதடி," என்றாள். விரிப்பைச் சொன்னாளா வேறு எதையாவது சொன்னாளா என்று கேட்கச் சின்னவளுக்கு நேரமில்லை. சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு மழையில் ஓடினாள்.

வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. பெரியவளின் சாவி வெளிப்பக்கம் பூட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே பெரியவள் நாற்காலியில் உட்கார்ந்து குடையைத் துப்பாக்கிபோல் கட்டிலை நோக்கி நீட்டியிருந்தாள். காலடியில் ஒரு காலிப் பெட்டி, பெண்ணின் துணிமணியை அடுக்க எடுத்துவந்தது. கட்டிலில் நர்ஸ் கழுத்துவரை போர்வையைச் சுற்றி உட்கார்ந்திருந்தாள், கண்மறைப்புத் துணியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு.

"வந்துட்டியா? பிடிச்சு வெச்சிருக்கேன். அசையல."

"பதினாறு மணி நேரம் டியூட்டி பாத்துட்டு வந்திருக்கேன்," என்றாள் நர்ஸ். "அசைய முடியல."

"அக்கா, குடையை இறக்கு. அவங்க திருடி இல்ல. குடியிருக்காங்க."

"குடியிருக்காளா? யார் வீட்டுல?"

"என் வீட்டுல. பகலுக்கு வாடகை குடுத்திருக்காங்க."

பெரியவள் குடையைத் தரையில் ஊன்றினாள். "படுக்கையை வாடகைக்கு விட்டியா? கூடப் பொறந்தவ ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கேன், என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்ப."

"சொல்லித்தான் இருப்பேன்! யாரோ எவளோ வந்து படுக்கற இடத்துலயா என் தங்கச்சி மக படுக்கணும்? நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவாங்க?"

"விரிப்பை நானே துவைக்கறேன். என்னை மாதிரி துவைக்க நாலு பேர்ல எவளுக்குத் தெரியும்?"

"பேச்சைப் பாரு. உன்னை நம்பி அறுபதாயிரம் குடுத்தேன்ல, எனக்கு இதுவும் வேணும் இன்னமும் வேணும்."

நர்ஸ் போர்வையோடு எழுந்தாள். கோபமாகக்கூட இல்லை. வார்டில் பார்வையாளர் நேரம் முடிந்தது என்று சொல்கிற குரலில் பேசினாள்.

"ரெண்டு பேரும் வெளியில போங்க."

"நானா?" என்றாள் பெரியவள்.

"ரெண்டு பேரும். நாலு மணி வரைக்கும் இது என் இடம். பணம் குடுத்திருக்கேன். இன்னொரு தடவ யாராவது உள்ள வந்தா நான் வேற இடம் பாத்துப்பேன்."

பெட்டியைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்தாள். பூட்டில் தொங்கிய சாவியை உருவினாள். கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். ஒரு நிமிஷத்துக்குள் கட்டில் ஒருமுறை முனகியது, அப்புறம் சத்தமே இல்லை.

மாடிப்படியில் அக்காவும் தங்கையும் நின்றார்கள். சாரல் படிகளில் பாதி வரை நனைத்திருந்தது. நனையாத படியில் பெரியவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். சின்னவள் ஒரு படி தள்ளி உட்கார்ந்தாள். பெட்டி இருவருக்கும் மேலே நின்றது.

"உன் வீட்டுல இருந்து உன்னையே வெளிய தள்ளிட்டாளே."

"உன்னையும்தான்."

"சிரிக்காத. வயித்தெரிச்சலா இருக்கு எனக்கு."

சின்னவள் சாப்பாட்டுப் பையைத் திறந்து ஒரு உறையை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். "நாலாயிரம். முதல் மாசம். இந்த மாதிரி இன்னும் பதினாலு."

"என்ன இது?"

"உன் பணம்."

"யாருடி கேட்டா உன்னை? நான் கேட்டேனா? என்னிக்காவது கேட்டிருக்கேனா?"

"கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். தவணைக்காரன் மாதிரி வாசல்ல நின்னு கேட்டிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும். நீ கேக்கலக்கா. உள்ள வந்து மூடியைத் தொறந்த."

"தொறந்தா? கூடப் பொறந்தவ மூடியைத் தொறக்கக் கூடாதா?"

"இந்த அறுபதாயிரத்துக்கு முன்னாடி என்னிக்காவது தொறந்தியா? கதவைத் தட்டுவ. டீ வேணுமான்னு கேட்டா வேண்டாம்ப. ரெண்டாவது தடவ கேட்டா அரை கிளாஸ்ம்ப. எனக்கு ஞாபகம் இருக்கு."

பெரியவள் உறையைப் பார்த்தாள். அதைத் தொடாமல் விரல் நுனியால் தங்கை பக்கம் தள்ளினாள்.

"சரி. விட்டேன். உன் பொண்ணும் வேண்டாம், உன் நாலாயிரமும் வேண்டாம், அறுபதாயிரமும் வேண்டாம். எல்லாத்தையும் தள்ளிட்டேன். இந்த மழை சாட்சி. போதுமா?"

சின்னவள் இதை எதிர்பார்க்கவில்லை. சண்டையை எதிர்பார்த்து வந்தாள், அழுகையை எதிர்பார்த்தாள், சாபத்தைக்கூட. அறுபதாயிரம் இல்லை. அறுபது ஞாயிற்றுக்கிழமை ஆவியில் நிற்க வேண்டாம். அறுபது காலைகள் தலையைச் சாவகாசமாக உலர்த்திக்கொண்டு நிற்கலாம். சரி என்று ஒரு தலையசைப்புப் போதும். மழை சத்தம் அவ்வளவு பெரிசாக இருந்தது, அவள் சரி என்று சொன்னால்கூட அது யாருக்கும் கேட்காமல் போயிருக்கும்.

"முடியாது," என்றாள்.

"என்ன முடியாது?"

"நீ தள்ள முடியாது. குடுத்தது நீ, சரி. வாங்கினவ நான். திருப்பிக் குடுக்கறது என் பாடு. நீ பாட்டுக்கு அதை எடுத்துக்கிட்டா எனக்குன்னு என்ன மிச்சம்? செத்தாலும் நான் உன் தயவுல பொழைச்சவ. என் பொண்ணு வயித்துல இருக்கற தையலும் உன் தயவு. நீ இன்னும் இருபது வருஷத்துக்கு ஃபேனை நிறுத்துவ."

"அவ்வளவு கெட்டவளாடி நான்?"

"இல்ல. அன்னிக்கு ராத்திரி பணத்தோட வந்து நின்னது நீ ஒருத்திதான். அதை நான் மறக்கல. அதனாலதான் வட்டிக்காரனைப் பின்னாடி நிறுத்திட்டு உனக்கு முதல்ல குடுக்கறேன். வாங்கிக்கோ."

கீழே தெருவில் யாரோ சைக்கிள் தள்ளிக்கொண்டு போனார்கள். பெரியவள் பேசியபோது பொத்தான் கடைக்காரியின் குரல் அதில் இல்லை.

"இதெல்லாம் குடுத்து முடிச்சுட்டா, நான் என்ன சொல்லிக்கிட்டு உன் வீட்டுக்கு வருவேன்? பசங்க போன் பண்ணா ரெண்டு நிமிஷம். உங்க மாமா தூங்கறாரு. ஞாயித்துக்கிழமை ஆனா உன்னைப் போய்ப் பாக்கணும், உனக்கு நான் வேணும்னு ஒரு இது இருந்துச்சு."

இந்த இடத்தில் இளகினால் உறை பைக்குள் திரும்பிப் போய்விடும் என்று சின்னவளுக்குத் தெரிந்தது.

"ஒண்ணும் சொல்லிக்காம வா. சும்மா வா. உக்காரு, நான் போடற டீயைக் குடி, சக்கரை ஜாஸ்தின்னு திட்டு. மூடியை மட்டும் நான் தொறக்கறேன்."

"அப்ப பொண்ணு?"

"படிப்பா."

"கடைக்கு?"

"வேற ஆள் பாரு. சம்பளம் குடு."

"படுத்துக்கிட்டே படிச்சு..."

"படுத்துக்கிட்டுதான் படிப்பா."

மேல் வீட்டுக் கிழவர் குடையை உதறிக்கொண்டு படியேறி வந்தார். பாதையில் உறை கிடந்தது. பெரியவளின் கை தானாக நீண்டு அதைப் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டது. முப்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்த கை, பணத்தை நாலு பேர் பார்வையில் போட்டு வைக்காது. கிழவர் இருவரையும், பெட்டியையும், சாத்திய கதவையும் பார்த்துவிட்டு மேலே போனார்.

பெரியவள் உறையைத் திறந்தாள். கட்டை விரலை நாக்கில் தொட்டாள். எண்ணினாள். சின்னவள் மூச்சுக்கூட விடவில்லை. பெரியவள் எண்ணி முடித்து, நோட்டுகளைத் தட்டிச் சமன் செய்து, பழக்கதோஷத்தில் திருப்பி வைத்து மறுபடியும் எண்ணினாள். நடுவில் ஒரு நோட்டை உருவி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"இது கிழிஞ்சிருக்கு."

"எங்க?"

"ஓரத்துல பாரு. ஒட்டி வெச்சிருக்கான். இதை எவன் வாங்குவான்? மாத்திக் குடு."

"அடுத்த மாசம் சேத்துத் தர்றேனே?"

"அதெல்லாம் முடியாது. நாலாயிரம்னா நாலாயிரம். அடுத்த மாசத்துல இருந்து அஞ்சாம் தேதிக்குள்ள குடு. தேதி தள்ளிப் போனா எனக்குக் கணக்கு குழம்பும்."

சின்னவள் அந்தக் கிழிந்த நோட்டை வாங்கிக்கொண்டு எழுந்தாள். "இரு, இப்பவே மாத்திட்டு வர்றேன்," என்றாள். படிகளில் இரண்டு இரண்டாக இறங்கினாள். மழை இன்னும் விடவில்லை, அவள் தலையில் எதையும் போட்டுக்கொள்ளவில்லை.

மளிகைக் கடையில் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். வேறு நாளாக இருந்தால் ஓரமாக நின்று, எல்லோரும் போகட்டுமென்று காத்திருந்து, குரலைத் தாழ்த்திப் பேசியிருப்பாள். இன்றைக்கு நேராகப் போய் நோட்டைப் பலகைமேல் வைத்தாள்.

"மாத்திக் குடுங்க. நல்ல நோட்டா."

"என்ன அவசரம்? இதுவும் செல்லும்மா, ஓரம்தானே ஒட்டியிருக்கு," என்றார் கடைக்காரர்.

"உங்ககிட்ட செல்லும். எங்க அக்காகிட்ட செல்லாது. அவளுக்குக் கடன் கட்டறேன்," என்றாள் சின்னவள், கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படியாக. "அவ ரொம்பக் கறார்."